கண்ணில் பூ விழுந்தால் ரத்தத்தைப் பாருங்கள்

நாயின் கண்ணில் ஒரே வாரத்தில் பூ விழுந்தால், முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத்தான். எங்கள் ஜூலிக்கு எட்டு வயது. பாமரேனியன், கருத்தடை செய்யாத பெண். சித்திரை மாதத்தில் வைத்த தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்தாள். நடுராத்திரியில் எழுப்பி எழுப்பி வெளியே போனாள். முன்னைவிட அதிகமாகச் சாப்பிட்டும் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டியது. பிறகு ஒரு காலையில் திண்ணைத் தூணில் போய் மோதினாள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இளம் டாக்டர் ஒருவர் காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. “கண்ணுக்கு அப்புறம் வருவோம்மா. முதல்ல இன்சுலின்” என்றார்.

சர்க்கரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் மிஞ்சும் குளுக்கோஸ் கண்ணின் லென்ஸுக்குள் போய் சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அந்தச் சார்பிட்டாலால் லென்ஸை விட்டு எளிதில் வெளியேற முடியாது. உள்ளேயே தங்கித் தண்ணீரை இழுக்க, ஊறப்போட்ட பயறு மாதிரி லென்ஸ் உப்பி வெளுத்துவிடுகிறது. மனிதருக்கு வருடக்கணக்கில் வரும் புரை, நாய்க்குச் சில நாட்களிலேயே முற்றிவிடலாம். சர்க்கரை நோய் வந்த நாய்களில் ஏறத்தாழ பாதிக்கு ஆறு மாதத்துக்குள் கண்புரை வருகிறது.

கண் பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தும் பார்வை போயிருந்தால் அது வேறு கதை. விழித்திரை திடீரென்று செயலிழக்கும் ‘சார்ட்ஸ்’ என்ற நோயாக இருக்கலாம். அதிலும் தாகமும் பசியும் கூடும். விழித்திரையின் மின் துடிப்பை அளந்துதான் உறுதி செய்வார்கள். பார்வையைத் திரும்பத் தரும் என்று நிரூபணமான மருந்து அதற்கு இன்றுவரை இல்லை. அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஜூலிக்கு டாக்டர் சொன்ன இன்சுலின் ஒரு ஹார்மோன். அதன் வரலாற்றில் நாய்க்குப் பெரிய பங்கு உண்டு. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்தை எடுத்த நாய்களிடம்தான் அதைச் சோதித்தார்கள். அந்த நாய்கள் பட்ட பாட்டை நினைக்கும்போது மனம் கனக்கிறது. என் வீட்டுக்காரர் தினமும் போட்டுக்கொள்ளும் ஊசி அவை கொடுத்தது.

நாய்க்குச் சர்க்கரை மாத்திரை பலிக்காது, ஊசிதான் வழி. பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். எங்கள் வீட்டில் காலை ஏழு, மாலை ஏழு. அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதலில் கிலோவுக்குக் கால் யூனிட்டிலிருந்து அரை யூனிட் வரை என்று தொடங்குவார்கள். பிறகு ஒரு பகல் முழுக்க இரண்டு மணிக்கொரு தரம் ரத்தம் பார்த்து, ஏற்ற இறக்கத்தை வரைந்து, அளவை மாற்றுவார்கள். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயமான இடம் சிரிஞ்சு. நம் மருந்துக்கடைகளில் விற்கும் இன்சுலின் குப்பிகள் பல, மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. அவற்றுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் நாலு கோடு இழுத்தால் உள்ளே போவது பத்து யூனிட். சின்ன நாயின் உயிருக்கே அது ஆபத்து. வீட்டுக்காரரின் பேனா 100 யூனிட், ஜூலியின் குப்பி 40. அதனால் ஃப்ரிட்ஜில் இரண்டையும் வெவ்வேறு தட்டில், பெயர் எழுதி வைத்திருக்கிறேன். பால் மாதிரி கலங்கலாக இருக்கும் ஜூலியின் மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டித்தான் எடுக்கிறேன்.

சாப்பாடு முதலில், ஊசி பிறகு. சாப்பிடவில்லை என்றால் முழு அளவைப் போட்டுவிடாமல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு வேளை தவறிப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக் கூடாது. தள்ளாடினால், நடுங்கினால், துவண்டால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே ஈறில் தேன் தடவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். வருகிற விருந்தாளிகள் நீட்டும் பிஸ்கட்டை நான் கையைப் பிடித்துத் தடுக்கிறேன். அவர்களுக்கு வருத்தமாக இருந்தாலும் பரவாயில்லை.

இவ்வளவு செய்தும் ஜூலியின் சர்க்கரை இறங்க மறுத்தது. காரணம் இன்னொரு ஹார்மோன். பெண் நாய்க்குச் சினைப்பருவம் முடிந்து இரண்டு மாதம் வரை புரோஜெஸ்டிரோன் உயர்ந்தே இருக்கும். அது மடியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கும். அந்த ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது. கருத்தடை ஆபரேஷன் செய்த பிறகுதான் ஜூலிக்கு மருந்து பிடித்தது, அளவும் குறைந்தது. சீக்கிரமே செய்துவிட்டால் சில நாய்களுக்குச் சர்க்கரை நோயே விலகிப் போவதும் உண்டு. சொறிக்கும் காதுப் புண்ணுக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு கூடச் சர்க்கரையை ஏற்றிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் இன்சுலின் போடுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளுத்த லென்ஸ் இன்சுலினால் தெளியாது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க முடியும். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் நிற்க வேண்டும், விழித்திரை உயிரோடு இருக்க வேண்டும். அதுவரை புரை முற்றிக் கண் அழற்சி வராமல் சொட்டு மருந்து விடுகிறோம். தை பிறந்ததும் ஜூலியைச் சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது கூடத்தில் நாற்காலியைக்கூட நகர்த்துவதில்லை. தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். மோப்பத்திலும் காதிலும் வீடு முழுக்க நடமாடுகிறாள்.

உங்கள் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால், கண் வெளுக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே சர்க்கரை பாருங்கள். குட்டி போட வைக்கும் எண்ணம் இல்லாத பெண் நாய்க்குக் கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள்.