பெயரைக் கேட்டே பயந்துவிட்டேன்!

"ஹிஸ்டெரோஸ்கோபி பண்ணிடலாம்மா" என்று டாக்டரம்மா சொன்னபோது, என் காதில் விழுந்தது "ஹிஸ்டரெக்டமி". அதாவது கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "வேற வழியே இல்லையா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டரம்மா சிரித்தார். "நான் எதையும் எடுக்கிறேன்னு சொல்லலையே! உள்ளே எட்டிப் பார்த்து, அந்தச் சின்னக் கட்டியை மட்டும் எடுக்கப் போறேன். உங்க கர்ப்பப்பை உங்ககிட்டயே இருக்கும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக் குழப்பத்தால் எத்தனை சகோதரிகள் டாக்டரிடம் போகவே பயந்துகொண்டு இருக்கிறார்களோ! அதனால்தான் வெட்கத்தை விட்டு என் கதையை எழுதுகிறேன்.

இருட்டு நிறப் புடவைகள்

எனக்கு வயது 46. இரண்டு குழந்தைகள். போன வருஷம் ஆடி மாதத்திலிருந்தே மாதவிலக்கு தாறுமாறாகப் போனது. ஐந்து நாளில் நிற்க வேண்டியது பத்து, பன்னிரண்டு நாள் வரை நீளும். நின்றுவிட்டது என்று தலைக்குக் குளித்த மூன்றாம் நாளே மறுபடியும் சொட்டுச் சொட்டாக. "நாற்பதைத் தாண்டினா இப்படித்தான், நிக்கப் போற காலம்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

வெளிர் நிறப் புடவைகள் எல்லாம் பீரோவுக்குள் போய்விட்டன. கல்யாண வீடுகளில் ஓரமாக நின்றுகொண்டே இருப்பேன், உட்கார மாட்டேன். வடாம் காய வைக்க மாடிக்கு ஏறினால் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடியவில்லை. அதுவும் ரத்தசோகையின் அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் என் மகள்தான், "ஏம்மா இப்படி வெளுத்துப் போயிருக்கே?" என்று பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஹீமோகுளோபின் பார்த்தார்கள். 12 இருக்க வேண்டிய இடத்தில் 7.6 இருந்தது.

"எடுத்துப் போட்டுடு!"

முதலில் காட்டிய இடத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வயசு 46 ஆச்சு, பிள்ளைங்க இரண்டும் பெத்தாச்சு. கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டது" என்றார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். என் மாமியார், "எடுத்துப் போட்டுடு அம்மாடி, இனிமே அது எதுக்கு?" என்றார். கணவருக்கு ஒன்றும் புரியவில்லை, பணத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் நாத்தனார் மட்டும் போனில், "அண்ணி, இன்னொரு டாக்டரைக் கேட்காம எந்தக் காகிதத்திலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டு, கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். அங்கேதான் நான் மேலே சொன்ன டாக்டரம்மாவைப் பார்த்தது.

தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது நம் நாட்டில் பெரிய பிரச்னையாகவே இருக்கிறது. அதைத் தடுக்க 2022-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிமுறைகளை வெளியிட்டது. அவற்றை நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. கோர்ட் வரை போன விஷயம் என்றால், நாம் ஒரு கேள்வி கேட்பதில் தப்பே இல்லை.

அதற்காக, எடுக்கச் சொல்லும் டாக்டர்கள் எல்லோரும் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். புற்றுநோய் இருந்தாலோ, பெரிய கட்டிகள் இருந்து மற்ற சிகிச்சைகள் பலன் தராமல் போனாலோ எடுக்கத்தான் வேண்டும். "எனக்கு ஏன் எடுக்கணும், வேற வழி இருக்கா?" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அவ்வளவுதான்.

பாலிப் என்றால் என்ன?

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பையின் உள்பக்கம் மெத்தை போன்ற ஒரு சவ்வு இருக்கிறது. மாதாமாதம் வளர்ந்து, விலக்கின்போது உதிர்வது அதுதான். அந்தச் சவ்வில் ஓர் இடம் மட்டும் அதிகமாக வளர்ந்து, கழுத்தில் மரு தொங்குவதுபோல் உள்ளே தொங்கும். அதுதான் பாலிப். எள் அளவிலும் இருக்கும், சில சென்டிமீட்டர் அளவிலும் இருக்கும். எனக்கு இருந்தது 18 மில்லிமீட்டர்.

"புற்றுநோயா டாக்டர்?" என்று கேட்டேன். பெரும்பாலான பாலிப்கள் சாதாரணமானவைதான், சிலவற்றில் மட்டுமே கெட்ட செல்கள் இருக்கும், மாதவிலக்கு நின்ற பிறகு வருபவற்றில் அந்த வாய்ப்புக் கொஞ்சம் அதிகம் என்றார். எடுத்துச் சோதித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். இளம் பெண்களுக்கும் பாலிப் வருவதுண்டு. சிலருக்குக் குழந்தை தங்காமல் இருப்பதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

ஸ்கேன் எடுக்கவும் ஒரு நேரம் இருக்கிறது. விலக்கு முடிந்த கையோடு எடுத்தால் உள்சவ்வு மெல்லியதாக இருக்கும், பாலிப் தெளிவாகத் தெரியும். அதனால்தான் எனக்கு இரண்டாம் முறை ஸ்கேன் எடுத்தார்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் அது. கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் வலி இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால்

என் ரத்தத்தின் அளவைப் பார்த்து, உடனே செய்ய முடியாது என்றுவிட்டார் டாக்டரம்மா. நரம்பு வழியாக இரண்டு முறை இரும்புச்சத்து ஏற்றினார்கள். உதிரப்போக்கு குறைய மாத்திரை தந்தார்கள். ஆறு வாரம் கழித்து ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியது. பிறகு வீட்டில் சாப்பிட இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைக் காபி, டீயோடு சாப்பிடக் கூடாது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கம் பார்க்க முடியவில்லை. விலக்கு முடிந்த சில நாட்களுக்குள் செய்வதுதான் வசதி என்றார்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய சிறுநீர் சோதனை, ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாமாகவே நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

முதல் நாள் இரவு சாப்பாட்டோடு சரி. காலையில் வெறும் வயிறு. எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டையும், இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரையும் நிறுத்தச் சொல்கிறார்கள். நகைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நான் மகளை விட்டு வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். "பாலிப் நீக்குதல்" என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நர்ஸ் சிரித்தாலும் பரவாயில்லை!

உள்ளே என்ன நடந்தது?

தியேட்டரில் குளிர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கையில் ஊசி ஏற்றினார்கள். "வீட்ல இன்னிக்கு என்ன சமையல்?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். "ரசம்" என்று சொன்னேனா, சொல்லவில்லையா, நினைவில்லை. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நடந்ததை டாக்டரம்மா பிறகு விளக்கினார். நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விடுகிறார்கள். பார்க்க மட்டும் என்றால் பென்சிலைவிட மெல்லிய குழாய். கட்டியை எடுக்க வேண்டியிருந்தால் பென்சில் பருமனுக்கு வரலாம். உள்ளே இடம் கிடைக்க, சலைன் தண்ணீர் விட்டுக் கர்ப்பப்பையை விரிக்கிறார்கள். டி.வி. திரையில் பார்த்துக்கொண்டே பாலிப்பை அடியோடு வெட்டி எடுக்கிறார்கள். வயிற்றில் வெட்டும் கிடையாது, தையலும் கிடையாது. எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லையாம். சின்ன பாலிப்பாக இருந்தால் சில இடங்களில் மயக்கமே தராமல் செய்வதும் உண்டு.

முன்பெல்லாம் கண்ணால் பார்க்காமல் சுரண்டி எடுப்பார்கள். அதில் பாலிப் தப்பிவிடுவதுண்டு. இதில் நேரே பார்த்து எடுப்பதால் அந்தக் கவலை குறைவு. இது ஏதோ நேற்று வந்த புதுமை என்று நினைத்தேன். 1869-லேயே பாண்டலியோனி என்ற மருத்துவர், விலக்கு நின்ற பிறகு உதிரம் கண்ட ஒரு பெண்மணியின் கர்ப்பப்பைக்குள் குழாய் வழியே பார்த்து, பாலிப்பைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்திருக்கிறாராம்!

ஆபத்தே இல்லையா என்றால், அரிதாக உண்டு. கர்ப்பப்பைச் சுவரில் ஓட்டை விழுவது, கிருமித்தொற்று, அதிக உதிரப்போக்கு, விட்ட தண்ணீர் உடம்பில் அதிகம் சேர்ந்துவிடுவது இவையெல்லாம் நேரலாம். டாக்டரம்மா இதை முன்பே மறைக்காமல் சொன்னார். சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு

காலையில் போனவள் மாலையில் வீடு திரும்பிவிட்டேன். அடிவயிற்றில் விலக்கு நேரத்து வலிபோல் ஒரு நாள் இருந்தது, மாத்திரையில் அடங்கியது. முதல் நாள் தண்ணீரும் ரத்தமும் கலந்து போனது. பிறகு ஒரு வாரம் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அடுப்படிக்குள் போய்விட்டேன். மயக்க மருந்து கொடுத்தால் அன்று கூடவே ஒருவர் இருக்க வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

உதிரம் நிற்கும்வரை நாப்கின் மட்டுமே வைக்க வேண்டும், உள்ளே எதையும் வைக்கக் கூடாது. தாம்பத்தியமும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். இதைக் கணவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டரம்மாவே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நீங்களும் அப்படிக் கேட்டுக்கொள்ளலாம்.

காய்ச்சல், நாற்றத்தோடு கூடிய போக்கு, மாத்திரைக்கும் அடங்காத வயிற்று வலி, மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு உதிரம் இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உண்மையைச் சொன்னால், ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது பயாப்ஸி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஒன்பது நாட்கள்தான். இரண்டு முறை சாம்பாரில் உப்பே போடவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். ஒன்பதாம் நாள், "கெட்டது எதுவும் இல்லை" என்று தெரிந்ததும் என் கணவர் மருத்துவமனை வாசலிலேயே பூ வாங்கிக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்ததுதான்!

பாலிப் திரும்ப வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பழையபடி உதிரம் போனால் உடனே வரச் சொன்னார். இப்போது எனக்கு ஐந்து நாளில் நின்றுவிடுகிறது. பச்சரிசி மெல்லும் ஆசையும் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, என் மாமியார் குரலைத் தாழ்த்தி, "அம்மாடி, எனக்கும் இரண்டு மாசமா லேசா படுது" என்றார். அவருக்கு வயது 68. விலக்கு நின்று இருபது வருஷம் ஆகிறது. நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பல நேரம் சாதாரணக் காரணமாகவே இருக்கும், ஆனால் அதை நாமே முடிவு செய்யக் கூடாது.

"ஏன் அத்தை இத்தனை நாள் சொல்லலை?" என்று கேட்டேன்.

"இதையெல்லாம் யார்கிட்ட சொல்றதுன்னு இருந்தேன். நீதான் இப்ப எல்லார்கிட்டயும் சொல்றியே!" என்றார்.

வரும் வியாழக்கிழமை அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறேன். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது சொல்லாமல் இருக்கிறார்களா என்று இன்றே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.