சத்தி எடுக்கும் பூனை

வீட்டுப் பூனை அடிக்கடி சத்தி எடுக்கிறது, தீனை மறுக்கிறது, மெலிகிறது. மயிர்க்கட்டி அல்லது புழு என்றே பலரும் எண்ணுவர். அவையாகவும் இருக்கலாம். ஆயினும் இரைப்பைச் சளிப்படலத்தில் வாழும் ஹெலிகோபற்றர் என்னும் சுருள் வடிவப் பற்றீரியாவையும் நாம் மறந்துவிடலாகாது. 1982இல் அவுஸ்திரேலியாவில் மார்ஷல், வொறன் ஆகிய இருவரும் மனித இரைப்பையிலிருந்து பிரித்து வளர்த்த கிருமியின் உறவினம் இது.

சிக்கல் என்னவெனில், நல்ல சுகமாயிருக்கும் பூனைகளிலும் பெரும்பாலானவற்றில் இக்கிருமி உண்டு. ஆகவே கிருமி இருப்பதனால் மட்டும் அதுவே நோயின் காரணம் என்று தீர்ப்பளிக்க முடியாது. உள்நோக்குக் கருவியால் இரைப்பைச் சுவரில் சிறு துணுக்கெடுத்து, அழற்சி உண்டா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே சரியான வழி. கிராமத்தவர்க்கு இது எளிதில் கிட்டுமா? எனவே மிருக வைத்தியர் முதலில் புழு மருந்து கொடுப்பார், தீனை மாற்றுவார், சிறுநீரகத்தைச் சோதிப்பார். பிறகுதான் கிருமிக்கு மருந்து.

அமொக்சிசிலின், மெற்றோனிடசோல், அமிலம் குறைக்கும் ஒமெப்பிரசோல் ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு மூன்று கிழமைக்குக் கொடுப்பது வழக்கம். மெற்றோனிடசோல் கடுங்கசப்பு, பூனை நுரை தள்ளித் துப்பும். அதற்காக இடையில் நிறுத்தலாகாது. முழுமையாகக் கொடுத்தும் கிருமி திரும்புவதுண்டு.

வீட்டில் மிஞ்சிய குளிசைகளை மட்டும் கொடுக்க வேண்டாம். பரசிற்றமோல் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. சத்தியில் இரத்தம் கண்டாலோ, இரண்டு நாள் தீன் தொடாவிட்டாலோ, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.