பர்ரெ என்றாலும் எருமை, கேதெ என்றாலும் எருமை

எருமை மாட்டைத் தெலுங்கில் எப்படிச் சொல்வார்கள்?

விஜயவாடாவில் கேளுங்கள். 'கேதெ' என்பார்கள்.

உப்பலில் கேளுங்கள். 'பர்ரெ' என்பார்கள்.

இரண்டும் தெலுங்குதான். மாடும் ஒன்றுதான். ஆனால் 'பர்ரெ' என்று சொன்னவர்களைப் பார்த்துப் பல காலம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சின்ன விஷயம் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

உப்பல் எங்கே இருக்கிறது? ஐதராபாத் நகரத்தின் கிழக்குப் பக்கம். வாரங்கல் போகும் சாலை இதன் வழியாகப் போகிறது. முன்பு தனி ஊராக இருந்தது. இன்று நகரத்தோடு சேர்ந்துவிட்டது. பெரிய கிரிக்கெட் மைதானம் இங்கேதான் இருக்கிறது. தொழிற்பேட்டையும் உண்டு. 2017 முதல் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. பிழைப்புத் தேடிப் பல ஊர்க்காரர்கள் வந்து குடியேறினார்கள்.

அங்கே காய்கறிக் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெங்காயத்துக்கு உள்ளூர்க்காரர் 'உல்லிகட்ட' என்பார். கரையோர ஆந்திராவிலிருந்து வந்தவர் 'உல்லிபாய' என்பார். உருளைக்கிழங்கு இவருக்கு 'ஆலுகட்ட'. அவருக்கு 'பங்காளாதும்ப'. காசு இவருக்கு 'பைசலு'. அவருக்கு 'டப்புலு'. ஆஸ்பத்திரியை இவர் 'தவாகானா' என்பார். சட்டையை இவர் 'அங்கி' என்பார். அவர் 'சொக்கா' என்பார். அங்கி, சொக்காய் இரண்டும் நம் பாட்டன் காலத்துத் தமிழிலும் உண்டு. நாம் யார் பக்கம் சேர்வது?

ஒரே மொழியில் ஏன் இந்த வேறுபாடு?

இரண்டு பகுதிகளையும் வேறு வேறு அரசுகள் ஆண்டன. கரையோரம் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அது நம்மோடு சேர்ந்த சென்னை மாகாணம். உப்பல் இருக்கும் தெலங்கானாவை ஐதராபாத் நிஜாம் ஆண்டார். அங்கே உருதுதான் அரசாங்க மொழி. 1918-இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் உருதுவில்தான் பாடம் நடத்தினார்கள். மக்கள் வீட்டில் தெலுங்கு பேசினார்கள். கச்சேரிக்குப் போனால் உருது கேட்டார்கள். இரண்டும் கலந்தன. அப்படித்தான் தவாகானா தெலுங்குக்குள் வந்தது.

1948-இல் நிஜாம் ஆட்சி முடிந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இரண்டு பகுதிகளையும் சேர்த்து ஆந்திரப் பிரதேசம் என்ற மாநிலம் உண்டாயிற்று. ஒரே மொழி பேசுகிறார்கள், ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

பாடப் புத்தகத்தில் எந்தத் தெலுங்கு வந்தது? கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்துத் தெலுங்கை ஒட்டியதே வந்தது. அதுதான் சுத்தம் என்றார்கள். சினிமாவிலும் அப்படித்தான். கதாநாயகன் புத்தகத் தெலுங்கு பேசுவான். தெலங்கானாப் பேச்சை ரவுடிக்கும் கோமாளிக்கும் கொடுத்தார்கள்.

நமக்கு இது புதிதா? நம் சினிமாவிலும் மெட்ராஸ் பாஷையை யாருக்குக் கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பள்ளியில் ஒரு பிள்ளை வீட்டுப் பேச்சில் பதில் சொல்கிறது. வகுப்பே சிரிக்கிறது. அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்குமா? 'என் அம்மா பேசுவது தப்பு' என்று அதற்குத் தோன்றிவிடும்.

காளோஜி நாராயணராவ் என்ற கவிஞர் இதை ஏற்கவில்லை. மக்கள் பேசும் பேச்சிலேயே கவிதை எழுதினார். அவர் பிறந்தது 1914 செப்டம்பர் 9. அந்த நாளை இப்போது தெலங்கானா மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சிரித்ததற்காக மட்டும் யாரும் தனி மாநிலம் கேட்கவில்லை. வேலை, தண்ணீர், நிலம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. வேலையில் தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு கிடைக்கவில்லை என்று 1969-இல் மாணவர்கள் பெரிய போராட்டம் நடத்தினார்கள். பலர் உயிர் இழந்தார்கள். கடைசியில் 2014 ஜூன் 2-ஆம் தேதி தெலங்கானா தனி மாநிலம் ஆனது. ஆனால் மேடையில் நின்று பேசியவர்கள் பேச்சைப் பற்றியும் பண்டிகையைப் பற்றியும் சொல்லாமல் விட்டதில்லை. வயிற்று வலியும் மன வலியும் சேர்ந்தே வந்தன.

பண்டிகை என்றதும் பதுகம்மாவைச் சொல்ல வேண்டும். 'பதுகு' என்றால் வாழ்வது. 'வாழ்க தாயே' என்பது போன்ற பெயர்.

புரட்டாசி அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள். பெண்கள் தட்டில் பூவை வட்டமாக அடுக்குகிறார்கள். வட்டத்தின் மேல் வட்டம். கோபுரம் போல உயர்கிறது. உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரம்மா. நாம் மஞ்சளில் பிள்ளையார் பிடிப்பது போலத்தான். அதை நடுவில் வைத்துச் சுற்றி வந்து கை தட்டிப் பாடுகிறார்கள். பிறகு குளத்தில் விடுகிறார்கள். இதற்கு ஐயர் வேண்டாம். கோயிலும் வேண்டாம். எல்லாம் பெண்கள் கையில்.

என்ன பூ தெரியுமா? தோட்டத்து ரோஜா இல்லை. காட்டிலும் வயல் ஓரத்திலும் மழைக்குப் பிறகு தானாகப் பூக்கும் பூக்கள். அதில் முக்கியமானது 'தங்கேடு'. அது நம் ஆவாரம்பூதான். பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் பறிக்கும் அதே பூ. இன்று அது தெலங்கானாவின் மாநிலப் பூ. பதுகம்மாவும் 2014-இல் அரசு விழா ஆகிவிட்டது.

ஒரு பெரிய சமுதாயத்துக்குள் ஒரு கூட்டத்தாருக்கு என்று தனிப் பேச்சு, தனிப் பண்டிகை, தனிச் சாப்பாடு இருக்கும். இதைத் 'துணைப் பண்பாடு' என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. துணை என்றால் ஏதோ இரண்டாவது இடம் போலத் தோன்றுகிறது. கிளை என்று சொல்லலாம். மரம் ஒன்று, கிளை பல.

கிளைக்குள்ளும் கிளை உண்டு. தெலங்கானாவில் லம்பாடி மக்கள் இருக்கிறார்கள். இவர்கள் குடியிருப்புக்குத் 'தாண்டா' என்று பெயர். இவர்கள் மொழி தெலுங்கு அல்ல. ராஜஸ்தான் பக்கத்து மொழிகளுக்கு உறவான மொழி. அதற்குத் தனி எழுத்து கிடையாது. முன்பு மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். ரயில் வந்தது, அந்தத் தொழில் போயிற்று. பிறகு குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பல இடங்களில் இவர்களையும் சேர்த்தார்கள். 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம் அது. அந்தச் சட்டத்தின் கொடுமை நம் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கும் தெரியும். 1952-இல்தான் அது ஒழிந்தது.

லம்பாடிப் பெண்களுக்கு மழைக்காலத்தில் 'தீஜ்' பண்டிகை. கல்யாணம் ஆகாத பெண்கள் கூடையில் கோதுமை விதைத்து, ஒன்பது நாள் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். பாட்டுப் பாடி நீரில் விடுகிறார்கள். நம் முளைப்பாரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

தெலங்கானாப் பேச்சைப் பார்த்துச் சிரித்தது தவறு என்றால், தாண்டாவிலிருந்து வந்த பிள்ளையின் தெலுங்கைப் பார்த்துத் தெலங்கானாக்காரர் சிரிப்பதும் தவறுதானே? தாண்டா மக்களும் உரிமை கேட்டார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் இருக்கும் தாண்டாக்களைத் தனிப் பஞ்சாயத்து ஆக்கும் சட்டம் 2018-இல் வந்தது. அவர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மாநிலம் பிரிந்தபோது உப்பல் போன்ற இடங்களில் குடியேறிய கரையோரக் குடும்பங்களுக்குப் பயம் வந்தது. 'இனி நம்மை இருக்க விடுவார்களா?' என்று கேட்டார்கள். ஐதராபாத் 2024 வரை இரண்டு மாநிலத்துக்கும் பொதுத் தலைநகராக இருந்தது. அந்தப் பத்து ஆண்டும் முடிந்துவிட்டது. அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் 'உல்லிகட்ட' என்கிறார்கள், வீட்டில் 'உல்லிபாய' என்கிறார்கள்.

சினிமாவும் கொஞ்சம் மாறியது. 2017-இல் 'பிதா' என்ற தெலுங்குப் படம் வந்தது. அதில் கதாநாயகியே தெலங்கானாப் பேச்சுப் பேசினாள். நடித்தவர் சாய் பல்லவி. நம் நீலகிரியின் படகர் குடும்பத்துப் பெண். படகர்களும் தமிழ்நாட்டுக்குள் தனி மொழி பேசும் ஒரு கிளைதான். அவர் தெலங்கானாப் பேச்சைக் கற்றுக்கொண்டு சொந்தக் குரலிலேயே பேசினார். ஜனங்கள் இந்த முறையும் சிரித்தார்கள். அது சந்தோஷத்தில் வந்த சிரிப்பு.

தசராவுக்கு முன்பு உப்பல் கூட்டுரோட்டுக்குப் போனால் கூட்டத்தைப் பார்க்கலாம். வாரங்கல் பேருந்தில் ஏற இடம் கிடைக்காது. மூட்டையும் குழந்தையுமாகப் பெண்கள் நிற்பார்கள். கடைசி நாள் பதுகம்மாவுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டும். பூப் பறிக்க வேண்டும்.