காரில்லா வீதி

காரில்லா நாள் என்பதை நாம் கேள்வியுற்றிருக்கிறோம். தில்லியில் 2015 அக்டோபர் 22 அன்று, செங்கோட்டை முதல் இந்தியா கேட் வரை காலைப் பொழுதில் கார்கள் தடுக்கப்பட்டன. தசரா விடுமுறையாதலால் அலுவலகம் செல்வோரின் இன்னல் அன்று புலப்படவில்லை.

செங்கோட்டைக்கு எதிரே தொடங்கும் சாந்தினி சௌக்கின் வரலாறு வேறு. 2021 இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அவ்வீதியில், ஃபதேபுரி மசூதி வரை, அன்றாடம் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மெட்ரோவில் சென்று இறங்கினால், எஞ்சிய தொலைவுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. ஊரிலிருந்து வரும் முதிய அன்னையரை அழைத்துச் செல்ல அது பெருந்துணை; பேரம் மட்டும் இந்தியில் பேசவேண்டும்.

நாம் வாழும் குடியிருப்புகளிலோ, நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள நடைபாதையைக் கார்கள் அடைத்து நிற்கின்றன. அவற்றுள் நம்முடையனவும் உண்டு.