ஒரு யூரோவுக்காகக் குளிசையை நிறுத்தலாமா?

"டொக்டர், எனக்கு நூறு வீதம் என்றுதானே சொன்னீங்கள்? பிறகேன் காசு வெட்டுறாங்கள்?"

2024 ஆம் ஆண்டிலிருந்து எம்மவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிகிச்சை அறையில் மட்டுமல்ல, லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போதும் மறித்துக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சரியான பதில் தெரியாமல் சிலர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதுவே எமக்குக் கவலை தருகிறது.

அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியுள்ளோம்.) நீரிழிவும் பிரஷரும் உள்ளவர். மாதம் நான்கு பெட்டி மருந்து எடுப்பவர். பெட்டிக்கு ஒரு யூரோ வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இரண்டு பெட்டிகளை எடுக்காமல் விட்டுவிட்டார். எமக்கும் சொல்லவில்லை. அவர் மிச்சம் பிடித்தது மாதம் இரண்டு யூரோ. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் காலில் வந்த சிறு புண் ஆறவில்லை. பதினான்கு நாட்கள் வைத்தியசாலையில் இருந்து, ஒரு கால்விரலையும் இழந்து வீடு திரும்பினார். மேலதிகக் காப்புறுதி, அதாவது முதுவெல், அவரிடம் இல்லை. வைத்தியசாலையில் தங்கியதற்கு நாளொன்றுக்கு 20 யூரோ வீதம் 280 யூரோ கட்டவேண்டி வந்தது.

வெட்டப்படுவது என்ன?

பிரான்சின் சமூகப் பாதுகாப்பு முறை, செக்குரித்தே சோசியால், 1945 இல் உருவானது. உழைப்பவர் தம்மால் இயன்றதைச் செலுத்துவார், நோயுற்றவர் தமக்குத் தேவையானதைப் பெறுவார் என்பதே அதன் அடிப்படை. மக்களின் ஆயுள் கூடியது, மருந்துகளின் விலையும் கூடியது. பற்றாக்குறையைக் குறைக்க வேண்டுமென்று 2004 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வந்தது. 2005 ஜனவரி முதல் வைத்தியரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு யூரோ நோயாளியின் பங்காயிற்று. 2008 ஜனவரி முதல் மருந்துப் பெட்டி ஒன்றுக்கு 50 சதம் வெட்டப்பட்டது. அல்சைமர், புற்றுநோய் போன்றவற்றுக்குச் செலவிடவே இந்தப் பணம் என்று அரசு அன்று விளக்கம் கூறியது.

2024 இல் இவை இரட்டிப்பாகின. மார்ச் 31 முதல் பெட்டிக்கு 1 யூரோ. மே 15 முதல் வைத்தியரைப் பார்ப்பதற்கும் இரத்தப் பரிசோதனைக்கும் 2 யூரோ. நீண்டகால நோய்களுக்கான "நூறு வீதம்" இந்த வெட்டுக்களைத் தடுக்காது. மருந்தகத்தில் கார்த் விட்டாலைக் கொடுத்தால் அங்கே காசு கேட்கமாட்டார்கள். பின்னர் வேறொரு கொடுப்பனவு உங்கள் கணக்குக்கு வரும்போது அதிலிருந்து கழிப்பார்கள். அதனால்தான் கணக்கு விளங்காமல் குழம்புகிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதற்கு உச்சவரம்பு உண்டு. தொகை இரட்டிப்பானபோதும், மருந்துகளுக்கு வருடத்துக்கு 50 யூரோ, வைத்தியர் மற்றும் பரிசோதனைகளுக்கு 50 யூரோ என்ற வரம்பு அப்படியே விடப்பட்டது. மாதம் நான்கு பெட்டி எடுப்பவருக்கு வருடத்துக்கு 48 யூரோ. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், ஆறாம் மாதத்திலிருந்து கர்ப்பிணிகள், வருமானம் குறைந்தோருக்கான அரச காப்புறுதி பெறுவோர் ஆகியோரிடம் வெட்டுவதில்லை.

25 சதமும் 30 யூரோவும்

நோயாளியிடம் சிறு தொகை வாங்கினால் வீண்செலவு குறையும் என்ற எண்ணம் எமக்குப் புதிதல்ல. இலங்கையில் இலவசமாயிருந்த அரசாங்க ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவில் 1971 இல் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். துண்டு எடுக்க வருவோர் தொகை குறைந்தது. நோய் குறைந்ததால் அல்ல. 1977 இல் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது.

பிரான்சிலும் இதே பாடம் உண்டு. வதிவிட அனுமதி இல்லாதவர்களுக்கான மருத்துவ உதவி, "ஆ எம் எ", 2000 இல் ஆரம்பமானது. எம்மில் பலர் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, உணவகங்களில் கோப்பை கழுவிய நாட்களில் அதை நம்பி வாழ்ந்தவர்கள். 2011 இல் அதைப் பெற 30 யூரோ முத்திரைக் கட்டணம் விதித்தார்கள். வைத்தியரிடம் பிந்தி வருபவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே வருவார், செலவு கூடும் என்று அரசின் பரிசோதகர்களே முன்கூட்டி எச்சரித்திருந்தார்கள். 2012 இல் கட்டணம் நீக்கப்பட்டது. 2023 நவம்பரில் செனட் சபை அந்த உதவியையே அவசர சிகிச்சைக்கு மட்டும் சுருக்க வாக்களித்தது. தேசிய சட்டமன்றம் அதை ஏற்கவில்லை.

பொதுப்பணம் வீணாகக் கூடாது என்பதில் எமக்கு மாற்றுக்கருத்து இல்லை. தேவையற்ற ஸ்கானும், பாவிக்காமல் குப்பையில் போடும் மருந்தும் எல்லோருடைய பணமும்தான். ஆனால் நீரிழிவுக் குளிசை வீண்செலவு அல்ல. பெட்டிக்கு ஒரு யூரோ மிச்சம் பிடிக்கப் போய், கால்விரல் ஒன்றை இழந்ததோடு பதினான்கு நாள் வைத்தியசாலைச் செலவும் வந்தது. அந்தச் செலவில் பெரும் பங்கை அரசே ஏற்றது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வருமானம் குறைந்தவர்கள் "கொம்ப்ளிமாந்தேர் சாந்தே சொலிதேர்" எனும் காப்புறுதிக்கு விண்ணப்பியுங்கள். பழைய "செ எம் உ" வின் இடத்தில் 2019 நவம்பரில் வந்தது இது. வருமானத்தைப் பொறுத்து இலவசமாகவோ, மாதம் ஒரு சிறு தொகைக்கோ கிடைக்கும். அந்த அம்மாவுக்கும் இதற்குத் தகுதி இருந்தது. விண்ணப்பித்திருந்தால் ஒரு யூரோவும் வெட்டியிருக்க மாட்டார்கள், 280 யூரோவும் வந்திராது. பொதுவாக வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். கடிதம் வந்தால் மூலையில் போடாமல் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். மேரியில் உள்ள சமூகப் பணியாளரும் உதவுவார்.

இரண்டாவது, குடும்ப வைத்தியர் ஒருவரைப் பதிவு செய்யுங்கள். 2024 டிசம்பர் 22 முதல் பொது வைத்தியரின் கட்டணம் 30 யூரோ. பதிவு செய்தவருக்கு அதில் 70 வீதம் கணக்கிட்டு, 2 யூரோ கழித்து, 19 யூரோ திரும்பி வரும். பதிவு செய்யாதவருக்கு 30 வீதமே. அவர் கைக்கு வருவது 7 யூரோ.

மூன்றாவது, விசா இல்லாத உறவினர் வீட்டில் இருந்தால் நோயை மறைத்து வைக்காதீர்கள். எந்த உரிமையும் இன்னும் கிடைக்காதவர்களுக்கு, லாறிபுவாசியேர் போன்ற பொது வைத்தியசாலைகளில் "பாஸ்" எனும் பிரிவு இருக்கிறது.

நான்காவது, காசு கஷ்டம் என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த மருந்தைக் குறைக்கலாம், எதை ஒருநாளும் விடக்கூடாது என்பதைச் சேர்ந்து பார்க்கலாம். சொல்லாமல் நிறுத்தினால் எம்மால் உதவ முடியாது.

இந்த வாரம் வீட்டிலுள்ள அம்மா அப்பாவின் மருந்துப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். எடுக்காத பெட்டி ஏதும் இருந்தால், ஏன் என்று அன்பாகக் கேளுங்கள்.