குதிரைகளின் இரைப்பைப் புண்ணை அறியும் விதம்

வெம்பாக்கம் வட்டாரத்தில் குதிரை வைத்திருப்போர் இக்காலத்தில் சிலரே. ஆயினும், சவாரிக்கும் பந்தயத்திற்கும் கலியாண ஊர்வலத்திற்குமாகக் குதிரை வாங்குவோர் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. ஈரோடு ஜில்லா அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தை பிரசித்தமானது. அவ்வாறு வாங்கிய குதிரை சில வாரங்களில் இளைத்து, கொள்ளைத் தின்னாமல், சேணம் கட்டும்போது கடிக்க வருமாயின், அதைச் சண்டிக் குதிரையென்று அடிக்கிறார்கள்; அல்லது நஷ்டத்திற்கு விற்றுவிடுகிறார்கள். குற்றம் அதன் குணத்தில் இல்லாமல், இரைப்பையில் உண்டான புண்ணே காரணமாயிருக்கலாம்.

புண் உண்டாகும் விதம்:— மாட்டின் வயிறு நான்கு அறைகளை உடையது. குதிரைக்கோ இரைப்பை ஒன்றே. உடலின் அளவுக்கு அது மிகச் சிறியது. நாள் முழுதும் சிறிது சிறிதாய் மேய்வதற்கென அமைந்தது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் புளிப்புத் திராவகம் இரவும் பகலும் சுரந்துகொண்டேயிருக்கும். அதன் வேகத்தைத் தணிப்பது உமிழ்நீர். அது மெல்லும்போதுதான் பெருகும். இரைப்பையின் கீழ்ப்பாகத்தைக் கோழை போன்ற பூச்சு காக்கின்றது; மேற்பாகத்திற்கு அக்காவல் இல்லை. வெறும் வயிற்றோடு குதிரையை ஓட்டினால், வயிறு இறுகித் திராவகம் மேற்பாகத்தில் பட்டு அதை அரிக்கும். நெடும் பிரயாணம், புது இடம், ஓயாமற் கட்டிவைத்தல், தானியம் மிகுந்த தீனி ஆகியவை இதற்குத் துணை செய்யும். ஒரு வாரத்திற்குள்ளேயே புண் தோன்றக்கூடும். வலி தணிக்கக் கொடுக்கும் பினைல்பியூட்டசோன் போன்ற மருந்துகளை அளவு மீறிக் கொடுத்தாலும் புண் உண்டாகும்.

கவனிக்க வேண்டிய குறிகள்:—
1. கொள்ளையும் தவிட்டையும் பாதியில் விட்டுவிட்டு, புல்லையோ வைக்கோலையோ தேடித் தின்னுதல்.
2. தீனி தின்றபின் வயிற்றைத் திரும்பிப் பார்த்தல், காலால் நிலத்தைக் கீறுதல்.
3. வாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வருதல்.
4. உடல் மெலிதல், மயிர் பளபளப்புக் குன்றுதல், ஓட்டத்தில் சோர்தல்.
5. குட்டிகளானால், பல்லை நறநறவென்று கடித்தல், வாய்நீர் ஒழுகுதல், மல்லாந்து படுத்தல்.

இக்குறிகளை மாத்திரம் கொண்டு புண்ணென்று நிச்சயிக்கலாகாது. பல் கூர்மையாய் வளர்ந்து வாயைக் குத்துவதாலும், குடற்புழுவாலும் குதிரை மெலியும். சுமார் 3 மீட்டர் நீளமுள்ள உள்நோக்குக் குழாயை இரைப்பையில் செலுத்திப் பார்ப்பதே நிச்சயமான சோதனை. புண் ஆறுவதற்கு ஒமிப்ரசோல் என்னும் மருந்தைச் சாதாரணமாய் நான்கு வாரம் கொடுப்பதுண்டு. இதனை வைத்தியர் சொற்படியே கொடுக்க வேண்டும். மூங்கில் குழாயால் கஷாயமோ எண்ணெயோ புகட்டுதல் ஆபத்து. அது நுரையீரலுட் சென்று உயிருக்கே கேடாகலாம்.

குதிரை புரண்டு உருண்டு, வியர்த்து, சாணம் போடாமலிருந்தால் அது கடுஞ் சூலை. ஒரு நாழிகையும் தாமதியாமல் கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான 1962 என்னும் தொலைபேசி எண்ணைக் கிராம அலுவலர்கள் யாவரும் அறியச் செய்தல் நலம்.

தடுக்கும் முறை:— 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு, ஈரம் நீக்கிய கணக்கில், நாளொன்றுக்கு 4½ கிலோவுக்குக் குறையாமல் புல் முதலிய நார்த்தீனி வேண்டும். பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீராதலால், அதனைப் பன்மடங்கு போட வேண்டியிருக்கும். அதைப் பல வேளையாய்ப் பகிர்ந்து, 6 மணி நேரத்திற்கு மேல் வாய் சும்மாயிராதபடி போடவேண்டும். இராத்தீனியை மறக்கலாகாது. நெல் வைக்கோல் ஒன்றையே போடாமல், பச்சைப் புல்லும், பூஞ்சணம் பிடியாத வேர்க்கடலைக் கொடியும் கலந்து கொடுக்கலாம். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் சில சென்டு நிலத்தில் குதிரைமசால் பயிரிடுதல் நன்று. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து புளிப்பைத் தணிக்கும். கொள்ளைச் சிறு பங்குகளாகவே வைக்க வேண்டும். ஓட்டுவதற்கு அரைமணி முன்பு சிறிது புல் தின்னக் கொடுத்தல் அவசியம். சுத்த ஜலம் எப்பொழுதும் எதிரில் இருக்கவேண்டும்.

குதிரை வைத்திருப்போர் சாட்டையை எடுக்குமுன் தீனித்தொட்டியைப் பார்ப்பார்களாக. அதில் மிஞ்சிய கொள்ளே வியாதியை முதலில் அறிவிப்பது.