விவாகரத்தும் வக்கீல் பீஸும்

“வழக்கிலே ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்” என்று பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். காணி நிலத்துக்காக மூன்று தலைமுறை கோர்ட்டு வாசலில் நின்ற குடும்பங்களைக் கண்ட அநுபவம் அது. அந்தப் பயம் இன்று விவாகரத்து விஷயத்தில்தான் அதிகத் தீங்கு செய்கிறது. 1949-இல் சென்னை மாகாணச் சட்டம் ஹிந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்தது. 1955-இல் ஹிந்து விவாகச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. உரிமை வந்து எத்தனையோ வருஷங்களாகியும், வழக்குச் செலவுக்கு யாரிடம் கை நீட்டுவது என்று திகைத்து நிற்கும் பெண்கள் அநேகர்.

திகைப்பின் பலன் என்ன? “ஜீவனாம்சம் வேண்டாமென்று எழுதிக் கொடு, சம்மதத்தின் பேரில் முடித்துக் கொள்வோம், வக்கீல் செலவு என்னுடையது” என்று கணவர் காகிதத்தை நீட்டுகிறார். பிறந்த வீட்டாரும், “தொலையட்டும், கையெழுத்துப் போடு அம்மா” என்கிறார்கள். பீஸ் மிச்சமாகிறது, பிற்காலத்துச் சோற்றுக்கு வழி அடைபடுகிறது. இத்தனை விலையுயர்ந்த மலிவுச் சரக்கை வேறெந்தக் கடையிலும் வாங்க முடியாது!

விவாகரத்து மனுவுக்குக் கோர்ட்டுக் கட்டணம் சொற்பமே. கையைக் கடிப்பவை வக்கீல் பீஸும், வாய்தாவுக்கு வாய்தா ஆகும் பிரயாணச் செலவும், இழந்த நாட்களின் சம்பளமுமே. ஆனால் இவற்றுக்கெல்லாம் சட்டத்திலேயே பரிகாரம் இருக்கிறது.

முதலாவது, இலவச வக்கீல். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவைப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். பரம ஏழைகளுக்குத்தான் அந்த உதவி என்பது சரியல்ல. ஸ்திரீயாக இருந்தால் போதும். வருமானத்தை யாரும் கேட்க மாட்டார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், அங்கஹீனர் ஆகிய ஆண்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. மற்ற ஆண்களுக்கு மட்டும் அது உண்டு. வழக்கில் சாரம் இருக்கிறதா என்று பார்த்து வக்கீலை நியமிப்பார்கள். கோர்ட்டுக் கட்டணத்தையும், நகல் எடுக்கும் செலவையும் ஆணைக்குழுவே ஏற்கிறது. அவ்விதம் நியமனமான வக்கீல் கட்சிக்காரரிடம் காலணாக் கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவிலேயே புகார் செய்யலாம்.

இரண்டாவது, எதிர்த் தரப்பிடமிருந்தே செலவு பெறுவது. ஹிந்து விவாகச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, போதிய வருமானமில்லாத மனைவி (கணவருங்கூட) வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். கூடுமானவரை அறுபது நாட்களுக்குள் இதைத் தீர்மானிக்க வேண்டுமென்பது சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷத்துச் சட்டத்திலும், பதிவு விவாகம் செய்தோருக்கு 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்திலும் மனைவிக்கு இத்தகைய வழி உண்டு; இரண்டிலும் அது 36-வது பிரிவாக அமைந்திருப்பது ஒரு வேடிக்கை. “எனக்கு வருமானமே இல்லை” என்று கார் ஓட்டிக் கொண்டு வந்து சொல்லும் கணவர்களுக்காக, 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் ஏற்பாடு செய்தது. இரு தரப்பாரும் தங்கள் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். ஜீவனாம்சமும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும்.

பிரயாணச் செலவு? கோயம்புத்தூரில் கல்யாணமாகி, சென்னையில் குடித்தனம் செய்து, தஞ்சாவூரிலுள்ள பிறந்தகத்துக்குத் திரும்பிய பெண்ணை எடுத்துக் கொள்வோம். 2003-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், மனுதாரரான மனைவி தான் வசிக்கும் தஞ்சாவூரிலேயே வழக்குத் தொடரலாம்.

சொந்தமாக வக்கீல் வைத்துக் கொள்பவர்கள், பீஸ் மொத்தத்துக்கா, வாய்தா ஒன்றுக்கா, அப்பீலும் சேர்த்தா என்பதை வக்காலத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பது மரியாதைக் குறைவல்ல. கிடைக்கும் ஜீவனாம்சத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேரம் பேச வக்கீல்களுக்கு அவர்களுடைய கவுன்ஸில் விதியே இடம் தரவில்லை. பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் தஸ்தாவேஜுகளைப் பிடித்து வைக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லையென்று 2000-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

சம்மத மனுவில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களும் இடிந்து போக வேண்டாம். சம்மத விவாகரத்தில் மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஆறு மாத அவகாசம் உண்டு. 2017-இலிருந்து தகுந்த வழக்குகளில் கோர்ட்டு அதைத் தளர்த்தலாம். தீர்ப்பு ஆகும்வரை சம்மதத்தை வாபஸ் வாங்கலாமென்று 1991-இலேயே முடிவாகியிருக்கிறது. ஆகவே கணவர் ஏற்பாடு செய்த வக்கீலையே நம்பியிராமல், வேறொருவரிடம் காகிதத்தைக் காட்டிக் கேட்க அவகாசம் இருக்கிறது.

மாவட்டக் கோர்ட்டுகளில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகாக்களில் வட்டக் குழுவும் உள்ளன. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் விசாரிக்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுத வராதவர் வாயால் சொன்னால் அங்குள்ளவர்கள் எழுதிக் கொள்வார்கள். போகும்போது கல்யாணப் பத்திரிகை, விவாகப் பதிவுச் சான்று இருந்தால் அது, குழந்தைகளின் பிறப்புச் சான்று, கணவரின் உத்தியோகம் பற்றித் தெரிந்த விவரம் ஆகியவற்றை எடுத்துச் செல்வது நல்லது. நகைப் பட்டியல் ஒன்றையும் முதல்நாள் இரவே உட்கார்ந்து எழுதிவிட வேண்டும்.